பரம்பரைக்கு 20, பழக்கத்துக்கு 50

“எங்க வீட்டுல எல்லாருக்கும் சுகர் உண்டு. எனக்கும் எப்படியும் வரத்தான் போகுது. அதுவரைக்கும் நல்லா சாப்பிட்டுக்கிறேன்!”

கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரியை இலையில் வாங்கிக்கொண்டு முப்பது வயதுக்காரர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முதல் வாக்கியம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவுவதுதான் ஆபத்து.

பரம்பரைக்குப் பங்கு இருப்பதை மறுப்பதற்கில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரைநோய் இருந்தால், பிள்ளைக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவிகிதம். இருவருக்கும் இருந்தால் ஏறக்குறைய 70 சதவிகிதம். இது மருத்துவ உலகம் பொதுவாகச் சொல்லும் தோராயக் கணக்கு. இதற்கு ஒரே ஒரு மரபணுவைக் குற்றவாளியாகக் காட்ட முடியாது. நூற்றுக்கணக்கான மரபணு மாற்றங்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போடுகின்றன. பெற்றோரிடமிருந்து வருவது நோய் அல்ல, நோய்க்கு இடம்கொடுக்கும் தன்மை. கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறன் சற்றுக் குறைவாக இருக்கலாம். அந்தக் கணையத்தின் மீது தொப்பையும் உட்கார்ந்தே கிடக்கும் வாழ்க்கையும் சுமையேற்றும்போதுதான் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது.

நூற்றுக்கு எத்தனை?

சென்னையில் டாக்டர் வி.மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ‘இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்’ இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மொத்தம் 100 மதிப்பெண். பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. வயது 35-ஐத் தொட்டால் 20, ஐம்பதைத் தொட்டால் 30. இந்த இரண்டையும் நம்மால் மாற்ற முடியாது.

மீதி 50 நம் கையில் இருக்கிறது. உடற்பயிற்சியும் இல்லாமல், உட்கார்ந்தே செய்யும் வேலையும் என்றால் 30. இடுப்புச் சுற்றளவுக்கு அதிகபட்சம் 20. கூட்டிப் பார்த்து 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம். 30-க்குக் கீழ் என்றால் குறைவு.

பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை உள்ள 33 வயது ஐ.டி ஊழியரை எடுத்துக்கொள்வோம். நடையே கிடையாது, இடுப்பு 94 சென்டிமீட்டர். பரம்பரைக்கு 20, உடலுழைப்பின்மைக்கு 30, இடுப்புக்கு 10. ஆக மொத்தம் 60. அதே இளைஞர் முறையாக உடற்பயிற்சி செய்து, இடுப்பை 90-க்குக் கீழே கொண்டுவந்தால், வேலை உட்கார்ந்தே என்பதால் உடலுழைப்புக்கு 20 மிஞ்சினாலும், 40-க்கு இறங்கிவிடுகிறார். அம்மா, அப்பா மாறவில்லை. அபாயம் மாறிவிட்டது.

இடுப்பை அளப்பதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். பேன்ட் சைஸ் இடுப்பளவு ஆகாது. தொப்பைக்குக் கீழே இறக்கித்தானே பேன்ட் போடுகிறோம்! நிமிர்ந்து நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை வெளியே விட்டபிறகு பாருங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

ஒல்லியானவர்களும் கவனிக்க

“நான் ஒல்லிதானே” என்று நிம்மதியடைவதும் சரியல்ல. புனேவைச் சேர்ந்த டாக்டர் சி.எஸ்.யாஜ்னிக், தன் நண்பரான பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினோடு நிற்கும் படம் ‘லான்செட்’ மருத்துவ இதழில் 2004-ல் வெளியானது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதம். தராசு காட்டாத கொழுப்பை நம் உடல்வாகு உள்ளே வைத்திருக்கிறது. அதனால்தான் நம்மவர்களுக்கு எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை.

‘பார்டர்’தான் பொன்னான நேரம்

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 100 முதல் 125, மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரைநோய்க்கு முந்தைய நிலை. ‘பார்டர்ல இருக்கு’ என்கிறோமே, அதுதான். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழும (ஐ.சி.எம்.ஆர்) ஆய்வின்படி நாட்டில் சர்க்கரைநோயாளிகள் சுமார் 10 கோடி. இந்த முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13 கோடிக்கும் மேல்.

இங்கிருந்து திரும்ப முடியுமா? முடியும். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், முந்தைய நிலையில் இருந்த 531 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 2006-ல் முடிவுகள் வெளியாயின. வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் மூன்றாண்டுகளில் 55 சதவிகிதம் பேர் சர்க்கரைநோயாளிகள் ஆனார்கள். உணவைச் சீராக்கி, அன்றாடம் நடக்க வைக்கப்பட்டவர்களில் அது 39 சதவிகிதம்தான். மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொண்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன். மாத்திரைக்கு நிகராக நடை வேலை செய்திருக்கிறது!

தட்டில் என்ன மாற்றம்?

அரிசியை அடியோடு விடச் சொல்லவில்லை. சாதத்தை ஒருமுறை மட்டும் போட்டுக்கொண்டு, பாதித் தட்டைக் காய், கீரையால் நிரப்புங்கள். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் என்று புரதத்தைக் கூட்டுங்கள். ‘சிறுதானியம்தானே’ என்று களியை இஷ்டத்துக்குச் சாப்பிடுவதும் தவறு. கேழ்வரகும் கம்பும் மாவுச்சத்துதான், அளவு வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடங்கள் வேகநடை, சாப்பிட்டதும் பத்து நிமிட நடை, போதுமான தூக்கம். இவை குடும்பம் முழுவதற்கும் பொது. சர்க்கரை இருப்பவருக்கு மட்டும் தனிச் சமையல், பிள்ளைகளுக்குப் பரோட்டா என்றால் மரபணுவோடு பழக்கத்தையும் சேர்த்தே கொடுத்தவர்கள் ஆகிறோம்.

சர்க்கரையைக் கவனிக்க வேண்டிய இன்னொரு காலம் கர்ப்பம். இந்த விஷயத்தில் தமிழ்நாடு முன்பே விழித்துக்கொண்டது. டாக்டர் வி.சேஷய்யாவின் முயற்சியால், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையை 2007-ல் அரசு கட்டாயமாக்கியது. 75 கிராம் குளுக்கோஸ் கலந்த நீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140-ஐ எட்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை. பிரசவத்தோடு அது இறங்கிவிடுவதால் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்னாளில் அந்தத் தாய்க்கும் குழந்தைக்கும் சர்க்கரைநோய் வரும் வாய்ப்பு கூடுதல். பிரசவமாகி ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, அதன்பின் ஆண்டுக்கொரு முறை அவசியம்.

ஏற்கெனவே நோய் வந்துவிட்டவர்களும் தளர வேண்டாம். மருந்தைத் தாங்களாக நிறுத்தாமல், ஆண்டுதோறும் கண் விழித்திரை, சிறுநீரில் புரதம், பாத உணர்ச்சி மூன்றையும் பார்த்துக்கொண்டால் பெரும் பாதிப்புகளைத் தள்ளிப்போடலாம், பலவற்றைத் தவிர்க்கவும் செய்யலாம்.

சர்க்கரை உள்ள பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, வளர்ந்த பிள்ளைகளையும் வெறும் வயிற்றோடு அழைத்துப் போங்கள். அவர்களுக்கு முப்பது வயதாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தொப்பை விழுந்திருந்தால் இருபதுகளிலேயே பார்த்துவிடலாம். குடும்பத்தில் சர்க்கரை இருப்பது தெரிவதே ஒரு வாய்ப்பு. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் குடும்பத்தில், அடுத்த தலைமுறை நோயைப் பல ஆண்டுகள் தள்ளிவைக்கலாம். பலருக்கு அது வராமலே போகலாம்.