வானில் நட்சத்திரப் பிறப்பு ஏன் குறைந்தது?

இரவில் அண்ணாந்து பார்க்கிறோம். நட்சத்திரங்கள் மின்னுகின்றன. அவை என்றும் அப்படியே இருப்பவை அல்ல. நட்சத்திரத்திற்கும் பிறப்பு உண்டு, முடிவும் உண்டு.

நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது? வானவெளியில் ஹைட்ரஜன் என்னும் வாயு மேகம் போலப் பரவியிருக்கிறது. அந்த மேகம் குளிர்ந்து சுருங்குகிறது. நடுப்பகுதி இறுகுகிறது. இறுக இறுகச் சூடேறுகிறது. கடைசியில் ஒளிவிடத் தொடங்குகிறது. அதுவே புது நட்சத்திரம். நம் சூரியனும் இப்படிப் பிறந்ததுதான். அதன் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள்.

பெரிய நட்சத்திரங்கள் நீல நிறத்தில் எரியும். விரைவில் தீர்ந்துபோகும். சிறியவை சிவப்பு நிறத்தில் நிதானமாக எரியும். நெடுங்காலம் இருக்கும்.

பல ஆயிரம் கோடி நட்சத்திரங்கள் சேர்ந்தது ஒரு நட்சத்திர மண்டலம். நாம் இருக்கும் மண்டலத்தின் பெயர் பால்வீதி. திராட்சைப் பழங்கள் போல மண்டலங்களும் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. 2017-இல் புனே நகர விஞ்ஞானிகள் ஒரு பெருங்கொத்தைக் கண்டறிந்தனர். அதில் குறைந்தது 43 கொத்துகள் உள்ளன. அதற்குச் 'சரஸ்வதி' என்று பெயர் வைத்தனர். அங்கிருந்து ஒளி நம்மை வந்து சேரச் சுமார் 400 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே தொலைவில் பார்ப்பது என்றால் பழைய காலத்தைப் பார்ப்பது என்று பொருள்.

அப்படிப் பார்த்தபோது ஒரு செய்தி தெரிந்தது. சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நட்சத்திரங்கள் ஏராளமாகப் பிறந்தன. இன்று பிறப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஏன்?

விடை தேட உதவியது புனேக்கு அருகில் உள்ள கோடத் கிராமம். அங்கு 30 பெரிய ரேடியோ தொலைநோக்கிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலம் கொண்ட கிண்ணம். கம்பி வலையால் ஆனது. அதனால் காற்று உள்ளே புகுந்து போய்விடும். செலவும் குறைவு. இதை அமைக்க வழிகாட்டியவர் கோவிந்த் ஸ்வரூப். ஊட்டியில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கியை அமைத்தவரும் இவரே.

ஹைட்ரஜன் வாயு மெல்லிய ரேடியோ அலைகளை வெளியிடுகிறது. தொலைவில் உள்ள ஒரு மண்டலத்தின் அலை நம் கருவிக்குக் கேட்காது. ஒருவர் முணுமுணுத்தால் தூரத்தில் கேட்குமா? ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து முணுமுணுத்தால் கேட்கும் அல்லவா? அதுபோல விஞ்ஞானிகள் 7,653 மண்டலங்களின் அலைகளை ஒன்றாகக் கூட்டினர். 2020-இல் முடிவை வெளியிட்டனர்.

சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த மண்டலங்களில் நிறைய வாயு இருந்தது. ஆனால் செலவோ மிக வேகம். பத்தாயம் நிறைய நெல் இருந்தாலும், புது விளைச்சல் வராவிட்டால் என்ன ஆகும்? அந்த வாயு 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே போதும். வெளியிலிருந்து போதிய வாயு வந்து சேரவில்லை. அதனால் பிறப்பு குறைந்தது.

கொத்துகளுக்குள் இன்னொரு காரணமும் உண்டு. அங்கு மண்டலங்களுக்கு இடையே கடும் வெப்ப வாயு நிறைந்திருக்கிறது. வேகமாகச் சைக்கிள் ஓட்டினால் தோளில் போட்ட துண்டு காற்றில் பறந்துபோகும். அதுபோல வெப்ப வாயுவின் ஊடே விரையும் மண்டலம் தன் குளிர்ந்த வாயுவை இழக்கிறது. பிறகு புது நட்சத்திரம் பிறப்பதில்லை. நீல நட்சத்திரங்கள் அணைந்துபோகும். சிவப்பானவை மட்டும் மிஞ்சும். மண்டலமே சிவந்து தெரியும்.

எங்கோ நடப்பது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் இரத்தத்தில் இரும்புச் சத்து இருக்கிறது. எலும்பில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. இவை பழைய நட்சத்திரங்களில் உருவானவை. அவை வெடித்துச் சிதறியபோது வெளியே பரவின. அந்தத் தூசியும் வாயுவும் சேர்ந்துதான் சூரியனும் பூமியும் உண்டாயின. நட்சத்திரங்கள் பிறந்திராவிட்டால் நாமும் இல்லை.

நம் பால்வீதியில் இன்னும் வாயு இருக்கிறது. இன்றும் அங்கே புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன.