படையினின்று மீண்ட பெண்களும் வைத்தியசாலையின் தொலைவும்

அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1782ஆம் ஆண்டில், ஆண் உடை தரித்து ஆண் பெயர் பூண்டு படையிற் சேர்ந்தார் டெபோரா சாம்ப்சன் என்னும் மாது. தொடையிற் குண்டு பாய்ந்தபோது, வைத்தியர் கண்டால் வேடம் கலையுமென அஞ்சி, அதனைத் தாமே அகழ்ந்தெடுத்தார் என்பர். மத்திய அரசின் இளைப்பாற்றுச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது 1805இலேதான். அவர் பெயர் தாங்கிய சட்டமொன்று 2021 சனவரியில் நிறைவேறியது. பெண் முன்னாட்படையினருக்கு வைத்திய வசதி கிட்டச் செய்வதே அதன் நோக்கம்.

இத்துணைக் காலத்தின் பின்னும் அத்தகைய சட்டம் ஏன் வேண்டியதாயிற்று? 1948இல் பெண்கள் நிரந்தரப் படையிற் சேர உரிமை பெற்றனர். ஆயின் நூற்றுக்கு இருவர் என்ற வரம்பு 1967 வரை நின்றது. படைச்சேவை புரிந்தீரா என்று குடிசன மதிப்பீட்டிற் பெண்களை முதன்முதல் வினவியது 1980இல். பன்னிரண்டு இலட்சம் பேர் ஆமென்றனர். முன்னாட்படையினரின் வைத்தியசாலைகளோ ஆண்களை எண்ணியே கட்டப்பட்டவை. பெண்களுக்கு மறைவான இடமும் மகளிர் நோய்ச் சிகிச்சையும் போதியவாறு இல்லையென அரச கணக்காய்வாளர் 1982இல் எடுத்துக்காட்டினர். 1992ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையை ஓரளவு தீர்த்தது.

இன்று அந்நாட்டிற் பெண் முன்னாட்படையினர் ஏறக்குறைய இருபது இலட்சம் பேர் உளர். நகரில் வாழ்பவருக்கு வழி ஒருவாறு திறந்துள்ளது. நாட்டுப்புறத்தாரின் நிலை வேறு. மொன்டானா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பில் அது இலங்கையைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. மக்களோ பதினொரு இலட்சத்தை ஒட்டியவரே. முன்னாட்படையினரின் தலைமை வைத்தியசாலை ஹெலினா நகரருகே உள்ளது. கிழக்கெல்லையில் மாட்டுப்பண்ணை நடத்தும் ஒருத்தி, மார்புக் கதிர்ப்படம் எடுக்க அத்துணைத் தூரம் செல்வதாயின், சில நிமிடப் பரிசோதனைக்காக நாள் முழுவதையும் பயணத்திற் கழிக்க வேண்டும். பனிக்காலமாயின் அதுவும் உறுதியில்லை.

அருகே சிறு கிளினிக்குகள் இல்லையா எனின், உள. ஆனால் அங்கு வருவோரிற் பெரும்பாலார் ஆண்கள். பெண்கள் அங்கொருவர் இங்கொருவராகவே வருவர். சிலருக்காக விலையுயர்ந்த கதிர்க்கருவியை நிறுவுதல் கட்டுப்படியாகாது. மகளிர் நோய்களிற் கைப்பழக்கம் பெற வைத்தியருக்கும் வாய்ப்புக் குறைவு. வசதியின்மையாற் பெண்கள் வருவதில்லை. அவர்கள் வாராமையால் வசதியும் பெருகுவதில்லை. சிக்கலின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

தூரத்தைக் குறைக்கக் கண்ட உபாயம், வெளி வைத்தியரிடம் அனுப்பி அரசே பணம் செலுத்துவது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் நாற்பது மைல் அல்லது முப்பது நாட் காத்திருப்பு என்று அளவு வகுத்தது. 2018இன் சட்டப்படி, 2019 முதல், சாதாரண சிகிச்சைக்கு முப்பது நிமிடப் பயணமும் சிறப்புச் சிகிச்சைக்கு அறுபது நிமிடமும் அளவாயின. ஏட்டில் இது நன்று. ஆயினும் அனுப்புவதற்கு அவ்வூரில் வைத்தியர் வேண்டுமன்றோ? நாட்டுப்புற வைத்தியசாலைகள் பல தம் பிரசவ விடுதிகளை மூடிவிட்டன. முன்னாட்படையினர் திணைக்களமோ பிரசவத்தைப் பெரும்பாலும் வெளியிடங்களுக்கே விடுகிறது. குழந்தையின் முதல் ஏழு நாட் செலவை ஏற்கும் அதிகாரமும் 2010இலேதான் வந்தது.

தூரம் மட்டுமே தடையன்று. திணைக்களத்தார் வினவும்போது, படையில் இருந்த காலத்திற் பாலியல் வன்செயலுக்கோ தொல்லைக்கோ ஆளானதாகப் பெண்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் கூறுகின்றனர். இதற்கான சிகிச்சை இலவசம். அன்று முறையிட்டதற்குச் சான்று காட்ட வேண்டியதுமில்லை. ஆயினும் யாவரும் யாவரையும் அறிந்த சிற்றூரில், ஆண்கள் நிறைந்த காத்திருப்பு மண்டபத்தில் அமர்ந்து, “உங்கள் கணவரா படைவீரர்?” என்ற கேள்விக்கு முகங்கொடுப்பதினும் வீட்டில் இருப்பதே மேலெனச் சிலர் எண்ணிவிடுகின்றனர். காணொளி வழியாக வைத்தியரோடு பேசும் முறை இவர்களுக்குப் பெரிதும் உதவும்; இணையத் தொடர்பு நலிந்த இடங்களில் அதுவும் தடைப்படுகிறது.

மேற்சொன்ன 2021ஆம் ஆண்டுச் சட்டம், திணைக்களத்தின் ஒவ்வொரு வைத்திய நிலையத்திலும் மகளிர் நலம் பயின்ற வைத்தியர் ஒருவரேனும் இருத்தல் வேண்டுமென விதித்தது. சிகிச்சைக்கு வரும் தாய்மாரின் குழந்தைகளைப் பராமரிக்க உதவும் ஏற்பாட்டையும் சேர்த்தது. நெடுவழி சென்று மீளவேண்டிய தாய் பயணத்துக்கு முன் கேட்கும் கேள்வி, பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது என்பதே.