கழுகுக்கு ஒரு நீதி, கூலியாளுக்கு ஒரு நீதியா?

சாணார்பட்டி மாந்தோப்பிலே கூடை சுமக்கும் தோழனுக்கு இடுப்பு வலித்தால் என்ன செய்கிறான்? ஓய்வா எடுக்கிறான்? எடுத்தால் அன்றைய கூலி போய்விடுமே! பெட்டிக்கடைக்குப் போகிறான், "வலி மாத்திரை கொடு" என்கிறான், விழுங்கிவிட்டு வெயிலில் இறங்குகிறான். மாத்திரையின் பெயர்? கேட்டதே இல்லை!

கேளுங்கள், தோழர்களே! அவற்றிலே ஒன்றின் பெயர் டைக்ளோபினாக். மாட்டின் வலி தீர அதைப் போட்டார்கள். அந்த மாடு செத்ததும், அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. 1992 முதல் 2007க்குள் வெண்முதுகுக் கழுகில் நூற்றுக்கு 99க்கு மேல் மடிந்தன. 2004 இல் காரணம் கண்டறியப்பட்டது. 2006 இல் மாட்டுக்கான அந்த மருந்துக்கு இந்திய அரசு தடை விதித்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போயின என்பதால், 2015 இல் குப்பியின் அளவையும் 3 மில்லியாகக் குறைத்தது. நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலே எஞ்சிய கழுகுகள் பிழைத்திடச் சட்டம் வந்தது. வரட்டும், வாழ்த்துகிறோம்!

கழுகைக் காத்த சட்டம் கூலியாளைக் காத்ததா?

மனிதன் கழுகல்ல, ஒரு மாத்திரையால் மாண்டுவிட மாட்டான். ஆனால் வியர்வை வழிந்து உடலில் நீர் வற்றும்போது, சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாதிருக்க அதன் குழாய்களை விரித்து வைக்கிறது உடலிலே சுரக்கும் ஒரு பொருள். வலியை அடக்கும் மாத்திரை அந்தப் பொருளையும் சேர்த்து அடக்கிவிடுகிறது! இபுபுரூபன் செய்வதும் அதுவே. சர்க்கரை நோயாளிக்கும், இரத்த அழுத்த மாத்திரை உண்பவருக்கும் ஆபத்து அதிகம். இடுப்பு வலித்தால் தெரியும். சிறுநீரகம் கெடுவது தெரியாது. கால் வீங்கி, மூச்சு வாங்கும்போதோ காலம் கடந்திருக்கும்.

மருத்துவர் சீட்டின்றி டைக்ளோபினாக் மாத்திரையை விற்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் ஏட்டிலே, மாத்திரை பெட்டிக்கடையிலே!

ஆகவே தோழர்களே, பெயர் தெரியாத மாத்திரையைத் தொடாதீர். வலி நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையம் செல்வீர். உண்ணும் மருந்தையெல்லாம் மருத்துவரிடம் சொல்வீர். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்க்கச் சொல்லிக் கேட்பீர்.

கிளைக் கழகத் தோழர்களுக்கும் வேலை உண்டு. வேலைத்தளத்திலே குடிநீர் இருக்கிறதா, நிழல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் கேளுங்கள். உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் ஓய்வு, அதற்கும் கூலி! அது கிடைத்தால், மாத்திரை தேடிப் பெட்டிக்கடைக்கு ஏன் போகப்போகிறான் நம் தோழன்?