நம் பள்ளித் திடலில் வெள்ளிக் கோள்



இரப்பர் மரம் வெட்டிய காலத்தில் நம் தோட்டத்து மக்களுக்கு நேரம் காட்டியவை இரண்டு. ஒன்று, பெரட்டுக்கு அடிக்கும் மணி. மற்றொன்று, கீழ்வானில் எழும் விடிவெள்ளி. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாகப் புறப்படுவோர் லயத்து வாசலில் நின்று முதலில் நோக்குவது அதனைத்தான். என் தாயாரும் அவ்வாறு சென்றவரே. சில மாதங்களில் காலையில் அது தோன்றாது. மாறாக, அந்தி மயங்கும் வேளையில் மேற்கே ஓர் ஒளி சுடர்விடும். அதனை வேறொரு விண்மீன் என்றே அவர் இறுதிவரை எண்ணியிருந்தார். நானும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேரும்வரை அவ்வாறே எண்ணியிருந்தேன் என்பதை ஒளிப்பதற்கில்லை.

இரண்டும் ஒன்றே. அது விண்மீனும் அன்று. சூரியனைச் சுற்றிவரும் கோள்களுள் நமக்கு மிக அருகில் வரக்கூடிய வெள்ளிக் கோள் அது. அதன் குறுக்களவு 12,104 கிலோமீட்டர். நம் பூமியினுடையது 12,756. ஆகவே, இவ்விரண்டையும் உடன்பிறப்புகள் எனலாம். ஆனால் உருவில் மட்டுமே ஒற்றுமை. வெள்ளியின் தரையில் வெப்பம் 460 பாகை செல்சியசுக்கும் மேல். ஈயத்தை வைத்தால் உருகிவிடும். கந்தக அமில மேகங்கள் அக்கோளை முழுவதுமாகப் போர்த்தியுள்ளன. அம்மேகங்கள் சூரிய ஒளியைப் பெரிதும் திருப்பி அனுப்புவதாலேயே அது அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. நம் நாட்டில் ரிங்கிட்டையும் 'வெள்ளி' என்றே வழங்குகிறோம். ஆயினும் இந்த வெள்ளியைக் காண அந்த வெள்ளி ஒன்றுகூடத் தேவையில்லை.

வெறுங்கண்ணுக்கு அது ஒளிப்புள்ளிதான். சிறிய தொலைநோக்கியில் நோக்கினால், நிலவைப்போல் அதுவும் தேய்ந்து வளர்வதைக் காணலாம். 1610ஆம் ஆண்டின் இறுதியில் இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ இதனைக் கண்டார். கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்னும் கொள்கைக்கு அது பெருந்துணையாயிற்று. இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இருண்ட அறையின் நடுவில் ஒரு விளக்கை ஏற்றி வையுங்கள். தம்பியோ தங்கையோ ஒரு பந்தை ஏந்திக்கொண்டு விளக்கைச் சுற்றி வரட்டும். நீங்கள் சற்றுத் தள்ளி அமர்ந்து பந்தை மட்டும் உற்று நோக்குங்கள். விளக்குக்கு அப்பால் செல்லும்போது பந்து சிறியதாக, ஏறக்குறைய முழுவட்டமாக ஒளிரும். உங்களுக்கும் விளக்குக்கும் இடையே வர வர, பந்து பெரிதாகும். ஒளிரும் பகுதியோ மெலிந்து பிறையாகும். பெரிதாகும்போது தேய்வது என்னும் இவ்விந்தை நிலவுக்கு இல்லை, வெள்ளிக்கு உண்டு.

இதனை நம் பிள்ளைகளே படமெடுக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். முன்னாள் மாணவர் ஒருவர் 114 மில்லிமீட்டர் ஆடியும் 900 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் கொண்ட தொலைநோக்கி ஒன்றை அன்பளிப்பாக வழங்கினார். 2025ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்கள் அதற்கு வாய்த்த காலமாக அமைந்தன. ஜனவரி 10 அன்று வெள்ளி சூரியனிடமிருந்து வெகுவாக விலகி, மேற்கு வானில் உயர்ந்து, பாதி வட்டமாக நின்றது. மார்ச் 23 அன்று பூமிக்கும் சூரியனுக்கும் இடையே புகுந்தது. இவ்விரு நாள்களுக்கும் இடையில் பாதி வட்டம் மெல்லிய கீற்றாகத் தேய்வதை நாள்தோறும் பதிவு செய்வதே எங்கள் திட்டம். பள்ளி விடுமுறையிலும் ஐந்தாறு பிள்ளைகள் பெற்றோருடன் மாலையில் திடலுக்கு வந்தனர். மேகம் பல மாலைகளை விழுங்கிற்று. தைப்பூச நாளான பிப்ரவரி 11 மாலையில் பத்துமலையில் இருந்தவர்களும் மேற்கே நோக்கியிருந்தால் இதே வெள்ளியைத்தான் கண்டிருப்பர்.

முதல் மாலை தோல்வியே. கைத்தொலைபேசியைப் பார்வைக் கண்ணாடியின்மேல் கையால் பிடித்து எடுத்த படங்கள் அனைத்திலும் வெள்ளைக் குமிழ் ஒன்றே விழுந்திருந்தது. "ஐயா, இது கைவிளக்குப்போல் இருக்கிறதே!" என்றாள் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி. அவள் கூறியது முற்றிலும் சரி. இருண்டபின் எடுத்ததே எங்கள் தவறு. கறுத்த வானில் கைத்தொலைபேசி, 'இங்கே ஒளி குறைவு' என்று கருதித் தானாகவே கூடுதல் ஒளியை உள்வாங்குகிறது; அதனால் வெள்ளி எரிந்துபோய், பிறை வடிவம் மறைந்துவிடுகிறது. மறுமுறை சூரியன் மறைந்த சற்றைக்கெல்லாம், வானம் நீலமாக இருக்கும்போதே எடுத்தோம். படத்தின் ஒளி அளவையும் கையால் குறைத்து வைத்தோம். கைத்தொலைபேசியை அசையாமல் பிடிக்கும் சிறு தாங்கி ஒன்றையும் வாங்கிப் பொருத்தினோம். பாதி வட்டம் தெளிவாக விழுந்தது.

ஓர் எச்சரிக்கையை இவ்விடத்தில் அழுத்திக் கூற வேண்டியுள்ளது. சூரியன் முழுவதும் மறைந்தபின்னரே தொலைநோக்கியைத் திருப்ப வேண்டும். தொலைநோக்கி வழியே சூரியனை ஒரு நொடி நோக்கினாலும் கண்பார்வை மீளாமற் போய்விடலாம். பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் எவரும் இதில் இறங்கலாகாது.

அடுத்து வந்தது காற்றின் தொல்லை. ஓடும் ஆற்றின் அடியில் கிடக்கும் காசு நெளிந்து நெளிந்து தெரிவதைக் கண்டிருப்பீர்கள். நாமோ காற்றுக்கடலின் அடியில் நிற்கிறோம். நமக்கு மேலே கோள்களும் அவ்வாறே நெளிகின்றன. இதற்கு மருந்து ஒரே படத்தை நம்பாமல் பல படங்களை எடுப்பதுதான். இரண்டு நிமிடம் ஒளிப்பதிவு செய்தால், நொடிக்கு 30 வீதம் 3,600 படங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் காற்று அமைதியாக இருந்த நொடிகளில் விழுந்தவை சில நூறாவது இருக்கும். அவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண, ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற கணினி நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை. கணினி அதனைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது.

பல படங்களை விரைந்தெடுக்கும் இம்முறையின் வேர் வெள்ளிக் கோளிலேயே இருக்கிறது. 1874ஆம் ஆண்டு டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனின் முகப்பைக் கடந்து சென்றது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் ஜப்பானின் நாகசாகிக்குச் சென்று, சுழலும் தட்டு ஒன்றில் 72 நொடிகளில் 48 படங்கள் எடுக்கவல்ல கருவியை அதற்கெனப் பயன்படுத்தினார். திரைப்படக் கருவிக்கு முன்னோடியாக இதனைக் குறிப்பிடுவர். அதே நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கச் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார் சிறு நூல் எழுதி, இந்திய மொழிகள் சிலவற்றில் வெளியிட்டார். அத்தகைய கடப்பு 2004 ஜூன் 8 அன்றும் 2012 ஜூன் 6 அன்றும் நம் நாட்டிலும் தெரிந்தது. இனி 2117 டிசம்பரில்தான். அதனைக் காண நம்மில் எவரும் இருக்கப்போவதில்லை.

"நகரத்து வெளிச்சம் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் வானாராய்ச்சியா?" என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். மங்கலான விண்மீன் கூட்டங்களுக்கு அவ்வையம் பொருந்தும், வெள்ளிக்குப் பொருந்தாது. தெருவிளக்குகளை மீறி ஒளிர்வது அது. மேலும், நாம் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே வாழ்கிறோம். இங்கே கோள்கள் ஏறக்குறைய நேர்க்குத்தாக எழுந்து, தலைக்கு மேல் உயர்ந்து செல்கின்றன. ஐரோப்பியர் அடிவானத்துப் புழுதியினூடே தேட வேண்டியதை நாம் சில வேளைகளில் அண்ணாந்து காண்கிறோம். உயர்வானில் விரைந்தோடி அவர்தம் படங்களைக் கலைக்கும் வன்காற்றும் பெரும்பாலும் நம்மை அண்டுவதில்லை. மழை மட்டுமே நம் பகை.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்ந்த ஒருவர் இவ்வாய்ப்பினால் என்ன செய்தார் என்பதைக் கேளுங்கள். சார்லஸ் புவாயே என்பவர் வானியலாளர் அல்லர். ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுப் பிராசவில் நகரில் பணியாற்றிய பிரெஞ்சு நீதிபதி. 1957இல், பிரான்சின் பிக் டு மிடி வானாய்வகத்திலிருந்த கமிஷேல் என்னும் நண்பரின் வேண்டுகோளுக்கிணங்க, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியால் வெள்ளியைத் தொடர்ந்து படமெடுத்தார். சாதாரண ஒளியில் வெள்ளியின் முகம் வெறுமையானது; வெண்சுவர்போல் இருக்கும். ஊதா நிற வடிகட்டியை இட்டால் மட்டுமே அதன் மேகங்களில் கருமைத் திட்டுகள் தென்படும். புவாயே அவ்வாறு எடுத்தார். படங்களை நாள் வரிசையில் வைத்து நோக்கியபோது, ஒரே திட்டு நான்கு நாள்களுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டார்.

இருவரும் 1960இல் இதனை வெளியிட்டனர். வல்லுநர் பலர் ஏற்கவில்லை. பின்னர் ராடார் அலைகளைக் கொண்டு அளந்தபோது, வெள்ளியின் தரை ஒருமுறை சுழல 243 நாள் ஆகின்றது எனத் தெரியவந்தது. அவ்வளவு சோம்பிச் சுழலும் கோளின் மேகங்கள் நான்கே நாளில் சுற்றி வருமா என்பது அவர்தம் ஐயம். 1974 பிப்ரவரியில் அமெரிக்காவின் மரினர் 10 விண்கலம் வெள்ளியின் அருகே சென்று படங்களை அனுப்பியது. மேகங்கள் ஏறத்தாழ நான்கு நாளில் கோளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன! புவாயேயின் படங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மங்கலானவைதாம். நாளும் நேரமும் குறித்து வரிசையாக வைத்ததனாலேயே அவை பேசின.

ஆகவே எங்கள் குறிப்பேட்டில் நாள், நேரம், வானத்தின் நிலை, படமெடுத்தவர் பெயர் ஆகிய நான்கையும் எழுதாமல் எந்தப் படத்தையும் ஒட்ட விடுவதில்லை. பிப்ரவரியில் ஒரு சிக்கல் எழுந்தது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கணினியில் படத்தைக் கூராக்கும் வசதியை மிகுதியாகப் பயன்படுத்தி வந்திருந்தான். பிறையின் ஓரத்தில் அழகிய கோடு ஒன்று தெரிந்தது, பெற்றோர் வியந்தனர். ஆனால் அக்கோடு வெள்ளியில் இல்லை, கணினி வரைந்தது. அன்றைய ஒளிப்பதிவை மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். அதில் அக்கோடு இல்லவே இல்லை. மங்கலான படத்தையே ஒட்டினோம். பையன் முகம் வாடிற்று. எனக்கும் வருத்தமே. ஆயினும் வேறு வழியில்லை. இல்லாத கோடு ஒன்று புகுந்துவிட்டால், அதன் பின்னர் அந்த ஏட்டில் எதை நம்புவது? மறுவாரம் அவனே எடுத்த படம், கூராக்காமலேயே, ஏட்டிலுள்ளவற்றுள் சிறந்ததாக அமைந்தது.

மார்ச் முதல் வாரத்துப் படத்தை ஜனவரிப் படத்தின் அருகில் வைத்தால் எவரும் வியப்பர். கோளின் குறுக்களவு ஏறத்தாழ இருமடங்காகியுள்ளது. ஒளிரும் பகுதியோ நகத்துண்டு அளவே. வானில் தோணிபோல் கிடந்த பிறை படத்தில் குடைபோல் கவிழ்ந்திருப்பது ஏன் என்று பலர் வினவினர். ஆடித் தொலைநோக்கி உருவத்தைத் தலைகீழாகக் காட்டும், அவ்வளவே. அவ்வேட்டை முதன்முதல் கண்ட முதியவர் ஒருவர், முப்பதாண்டு மரம் வெட்டியவர், நெடுநேரம் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இத்தனை வருசமா இது தலைக்கு மேல பிறையாவா இருந்துச்சு?" என்றார். இன்று அவர் வெட்டிய மரங்கள் இல்லை. அந்நிலமெங்கும் செம்பனை நிற்கிறது.

வெள்ளிக்கு ஒரு கணக்கு உண்டு. ஏறத்தாழ 584 நாளுக்கு ஒருமுறை அது பூமியைப் பொறுத்துப் பழைய நிலைக்கு மீள்கிறது. அவ்வாறு ஐந்து முறை மீள எட்டு ஆண்டுகள், இரண்டு நாள் குறைவாக, ஆகின்றன. ஆகவே 2025 ஜனவரி 10 அன்று நாங்கள் எடுத்த பாதி வட்டம், 2033 ஜனவரி 8ஐ ஒட்டி அதே மேற்கு வானில் மீண்டும் நிற்கும். கைவிளக்கு என்று சொன்ன மாணவிக்கு அப்போது வயது பதினெட்டு. குறிப்பேடு பள்ளி நூலகத்தில், கதவருகே உள்ள அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. அதன் பின்பாதிப் பக்கங்களை வெற்றாகவே விட்டு வைத்துள்ளோம்.