மலை ஏறும் காலும் சீனி கேட்கும் நாவும்

"நாள் முழுக்க மலை ஏறி இறங்குறோம், எங்களுக்கு எப்படிச் சீனி வரும்?" ஊவாத் தோட்டங்களில் நீரிழிவைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் எழும் கேள்வி இதுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவால் நாடே அறிந்த பெயராகிப்போன மீரியபெத்தவிலும், சுற்றியுள்ள கொஸ்லந்தை, பூனாகலை, ஹல்துமுல்லைத் தோட்டங்களிலும் இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெரட்டுக்களத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கும், அங்கிருந்து லயத்துக்கும் ஏறி இறங்குபவர்களின் கால்கள் காரியாலய நாற்காலியில் இருப்பவரின் கால்களைவிடப் பல மடங்கு உழைக்கின்றன. ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. உடலுழைப்பு பசியை என்ன செய்கிறது என்பது ஒன்று. தேத்தண்ணியில் விழும் சீனியை அது என்ன செய்கிறது என்பது இன்னொன்று. உழைப்பு பசியை ஓரளவு சீராக வைக்கும். சீனிப் பழக்கத்தை அது தானாக மாற்றாது. அதற்குத் தனியாக முயல வேண்டும்.

மூச்சு வாங்கும் அளவுக்கு விரைந்து நடப்பது, ஓடுவது, சைக்கிள் மிதிப்பது போன்றவற்றைத்தான் ஏரோபிக் பயிற்சி என்கிறார்கள். இப்படி உடல் சூடேறும்போது பசி கூடும் என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் நேர்வது அதற்கு மாறானது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு வயிற்றிலிருந்து வருவது சிறிது நேரம் குறைகிறது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஜி.எல்.பி-1, பி.வை.வை. ஆகிய குடல் சுரப்புகள் கூடுகின்றன. பயிற்சி முடிந்து சற்று நேரம் வரை இந்த நிலை நீடிக்கும். சீனியைப் பொறுத்தவரை இதைவிடப் பயனுள்ள சேதி இரண்டு ஆய்வுகளில் இருக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சொக்லட் சாப்பிடும் பழக்கமுள்ளவர்கள் 15 நிமிடம் விரைந்து நடந்துவிட்டு மேசை வேலையில் அமர்ந்தபோது, நடக்காதவர்கள் தின்றதில் ஏறக்குறைய பாதியையே தின்றார்கள். 2015இல் ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில், உடல் எடை கூடிய 47 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் அதே 15 நிமிட நடை இனிப்பின் மீதான ஏக்கத்தைத் தணித்தது. வயிறு நிறைந்திருக்கும்போதும் இனிப்பைத் தேடுகிறோமே, அந்தத் தவிப்பைத்தான் இந்த நடை அடக்குகிறது.

தோட்ட மக்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று வங்காளத்தில் கிடைக்கிறது. ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவரது இந்தியச் சகாக்களும் மேற்கு வங்காளத்தின் சணல் ஆலை ஒன்றில் 213 ஆண்களின் உணவையும் எடையையும் வேலையின் கடினத்தையும் அளந்து, 1956இல் முடிவை வெளியிட்டார்கள். இலேசான வேலை செய்தவர்கள் முதல் மூட்டை சுமந்தவர்கள் வரை, வேலை கூடக் கூட உணவும் கூடியது, எடை ஏறவில்லை. உழைக்கும் உடல் தன் பசியைத் தானே அளந்துகொண்டது. உட்கார்ந்தே வேலை பார்த்தவர்களிடம் இந்தக் கணக்குத் தப்பிப்போனது. அவர்களின் பசி குறையவில்லை. இலேசான வேலை செய்தவர்களைவிட அவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் கூடியிருந்தது. உழைப்பு நின்றால் பசியும் தானாக இறங்கிவிடும் என்ற நம்பிக்கையை அந்த ஆய்வு அன்றே பொய்யாக்கிவிட்டது. இன்றைய தோட்டங்களில் இதற்குப் பொருள் பெரிது. ஓய்வு பெறும் வயதில் பெயர் வெட்டப்பட்டு லயத்தோடு இருந்துவிடும் பெரியவர்கள், கொழும்புக் கடைகளில் பில் போடும் இளைஞர்கள், ஓட்டோ ஓட்டுபவர்கள் எல்லாரும் மலையை விட்டு இறங்கியவர்கள். மண்சரிவில் வீடிழந்து, மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலைக்குள் மாதக்கணக்கில் அடைந்திருக்க நேர்ந்த குடும்பங்களின் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. நடை குறைந்த பிறகும் ரொட்டியின் கனமும் தேத்தண்ணியின் இனிப்பும் மலையில் நின்ற காலத்து அளவிலேயே தொடர்கின்றன.

சரி, இன்றும் மலைக்குப் போகிறவர்களுக்கு என்ன? அவர்களுக்கு நோய் வராது என்று சொல்ல முடியாது. கொழுந்து பறிப்பது கடினமான வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி நின்றபடி, மெல்ல நகர்ந்தபடி, கைகள் ஓயாமல் இயங்கச் செய்வது. மூச்சும் இதயத் துடிப்பும் ஒரே சீராக உயர்ந்து நிற்கும் நடையின் பலன் அதில் முழுமையாகக் கிடைப்பதில்லை. களைப்பு மட்டும் முழுமையாகக் கிடைக்கிறது. மெலிந்த உடம்பும் காவல் அல்ல. தெற்காசியர்களுக்கு ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது. 2005-2006இல் வடக்கு, கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வு, இலங்கையின் வளர்ந்தவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அதுவரை அதை அறியாமலே இருந்தார்கள்.

இனிச் சீனியின் கணக்குக்கு வருவோம். தட்டையாக அள்ளிய ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு நாலு கோப்பை என்றால் 32 கிராம். தோட்டத்துக் கரண்டி தட்டையாக அள்ளாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னபடி, வெளியிலிருந்து சேரும் சீனி நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் இருப்பது மிக நல்லது. 50 கிராமைத் தாண்டவே கூடாது. சோடாப் போத்தல் ஒன்றே அந்த 25 கிராம் எல்லையை முட்டிவிடும். கித்துள் கருப்பட்டியும் சக்கரையும் இந்தக் கணக்கில் விதிவிலக்கல்ல.

"இனிப்பில்லாத தேத்தண்ணி குடித்தால் மலை ஏறத் தெம்பு வராது" என்பார்கள். விடியலில் வெறும் இனிப்புத் தேத்தண்ணியோடு பெரட்டுக்குப் போகிறவருக்கு அந்தச் சீனி உடனே தெம்பு தருகிறது என்பது உண்மை. அந்தத் தெம்பு விரைவில் இறங்கி, பத்து மணிக்கு மறுபடி இனிப்பையே கேட்கிறது என்பதும் உண்மை. அங்கே குறைவது சீனியல்ல, காலை உணவு. ரொட்டியோடு பருப்போ கடலையோ முட்டையோ விடியலிலேயே கொஞ்சம் சேர்ந்தால் தேத்தண்ணியின் மீதிருக்கும் சுமை இறங்கும். நடந்தால் பசி கூடித் தின்பதும் கூடும் என்ற மறுப்பில் பாதி உண்மை உண்டு. பயிற்சி பல நாள் தொடர்ந்தால் உடல் இழந்ததில் ஒரு பகுதியைச் சாப்பாட்டில் மீட்கப் பார்க்கும். அதனால்தான் நடையை மட்டும் நம்பி எடை குறைக்க முயன்றவர்கள் ஏமாந்துபோகிறார்கள். நடந்ததற்குப் பரிசாக ஒரு சோடா குடித்தால் அரை மணி நேர நடை அதோடு போயிற்று. நடையின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. சாப்பிட்டபின் நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இழுத்துக்கொள்கின்றன. எனவே இராச் சாப்பாட்டுக்குப் பின் லயத்துப் பாதையில் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும், இனிப்புக்கு நாக்கு ஏங்கும் நேரத்தில் எழுந்து விரைந்து ஒரு சுற்று நடந்துவிட்டுப் பிறகு முடிவெடுப்பதும் வீண்போகாது. சீனியை ஒரே நாளில் நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகள் எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் மலை ஏறினால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று, பேச்சுக் குழறல் தெரிந்தால் அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. அவர்கள் கொழுந்துப் பையில் சிறு பொட்டலம் சீனியோ இனிப்போ கட்டாயம் வைத்திருக்க வேண்டும்; பக்கத்து நிரையில் பறிப்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர் வெறுங்காலோடு மலைக்குப் போவதும் கூடாது. அட்டை கடித்த சிறு புண்கூட ஆறாமல் காலையே கேட்டுவிடும்.

இவ்வளவு சொல்லும்போது ஒரு மனக்குறை எழுவது நியாயம். தேத்தண்ணிச் சீனி ஏழையின் மலிவான சக்தி. அதற்காகத் தொழிலாளியைக் குறை சொல்லலாமா? கூடாது. முட்டையையும் பருப்பையும் எட்டாத விலையில் வைத்துவிட்டுச் சீனியைக் குறை என்று சொல்வது அரைகுறையான அறிவுரை. ஊவாவின் மேற்பகுதியில் தேயிலையும், பெல்வத்தை, செவனகலைப் பக்கம் கரும்பும் விளைகின்றன. இரண்டும் ஒரே கோப்பையில் கலந்து கடைசியில் உழைப்பவரின் உடம்பில் சேர்கின்றன. அதனால் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகளும் உண்டு. தொழிலாளரின் மருத்துவத் தேவையில் தோட்ட நிர்வாகத்துக்குப் பொறுப்பு உண்டு என்பதை 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டமே சொல்லிவிட்டது. கிளினிக் நாளில் போய்வருவதற்கு ஒரு நாள் பெயரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழக்கும் நிலை மாற வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சோடு இதையும் மேசையில் வைக்க வேண்டும். மலையில் நிற்பவர்களுக்குச் சுத்தமான குடிநீர் கிடைத்தால், தாகத்துக்கெல்லாம் இனிப்புத் தேத்தண்ணி என்ற கட்டாயமும் தளரும். பானப் போத்தல்களில் 2016இலிருந்து நிறக் குறியீடு இருக்கிறது. அதில் சிவப்பு என்றால் சீனி மிக அதிகம் என்று பொருள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். 35 வயதைக் கடந்தவர்கள், வீட்டில் யாருக்கேனும் நீரிழிவு இருப்பவர்கள், கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்த பெண்கள் இந்த மாதமே கொஸ்லந்தை வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கோ போய் இரத்தச் சீனியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.