பிறருக்கு மனை தேடியவர்

எல்ல மலைச்சரிவிலே கொழுந்து கொய்வோரைக் காணுந்தோறும், தோட்டத் தொழிலாளருக்காக உழைத்த ஒரு பெரியாரின் நினைவு எமக்கு எழுகின்றது. அவரே எஸ். ஏ. டேவிட். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தோட்டங்களினின்றும் விரட்டப்பட்டோரை, அவரும் வைத்தியர் இராசசுந்தரமும் ‘காந்தீயம்’ இயக்கத்தின் வாயிலாக வவுனியாப் பகுதியிலே குடியேற்றினர். கட்டடக் கலைஞரான டேவிட், மணம் புரியாது தொண்டையே வாழ்வாகக் கொண்டார்.

1983இல் இருவரும் சிறைப்பட்டனர். வெலிக்கடையில் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். மட்டக்களப்புச் சிறையினின்றும் தப்பிய டேவிட், ஏறக்குறைய 30 ஆண்டுகள் தமிழகத்தில் அகதியாய் வாழ்ந்தார். 2015இல் தாயகம் மீண்டு, அவ்வாண்டே கிளிநொச்சியில் கண்மூடினார்.

அகதிகளுக்கு மனை தேடியவர் தாமும் அகதியானார்! மாணவர்களே, வீடு கட்டும் கலையைக் கல்லூரி கற்பிக்கும். யாருக்காகக் கட்டுவது என்பதை இத்தகையோரிடமன்றோ நாம் கற்றல் வேண்டும்!