செட்டிநாட்டுப் புது வீடுகளுக்கான வெப்பக் காப்பு

வெப்பக் காப்பு என்பது கூரை, சுவர் ஆகியவற்றின் வழியே வெளி வெப்பம் வீட்டினுள் வருவதைக் குறைக்கும் கட்டுமான முறையாகும். காரைக்குடியை உள்ளடக்கிய செட்டிநாட்டில் வெயில் கடுமையானது. எனவே புதிதாக வீடு கட்டுவோர் வரைபடம் போடும்போதே இதனை முடிவு செய்வது நல்லது.

பழைய வீடுகளின் முறை

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களில் நகரத்தார் கட்டிய பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட தடித்த சுவர்கள் உள்ளன. இவை வெப்பத்தை முற்றிலும் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகின்றன. பகல் வெப்பம் சுவரைக் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பிறகு அந்த வெப்பம் நடு முற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேறும். சாய்வுக் கூரைகளில் நாட்டு ஓடுகள் பல அடுக்குகளாக வேயப்பட்டன. அடுக்குகளுக்கு இடையில் தங்கும் காற்றும் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை.

சுவர், கூரை, முற்றம் மூன்றும் சேர்ந்தே வீட்டைக் குளுமையாக வைத்தன. புது வீட்டில் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் மட்டும் அமைத்தால் அந்தக் குளுமை கிடைக்காது.

முதலில் கூரை

தட்டையான கான்கிரீட் கூரையில் நாள் முழுவதும் வெயில் படுகிறது. கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்பதை யு-மதிப்பு காட்டும். எண் குறையக் குறைய வெப்பம் வருவது குறையும். மத்திய மின் அமைச்சகம் 2018இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின்படி, கூரையின் யு-மதிப்பு 1.2க்கு மேற்படக் கூடாது. தோராயமான கணக்கு வருமாறு:

* 12 செ.மீ. கான்கிரீட் மட்டும்: 3.5
* அதன்மேல் 10 செ.மீ. செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம்: 2.4
* கான்கிரீட்டின் மேல் 2.5 செ.மீ. எக்ஸ்பிஎஸ் நுரைப் பலகை: 0.9

காப்புப் பலகையைக் கூரையின் மேற்புறம் பதிப்பதே சிறந்தது. அடிப்புறம் பதித்தால் கான்கிரீட் வெயிலில் சூடேறி விரிந்து, இரவில் சுருங்கி, நாளடைவில் விரிசல் விடக்கூடும். முதலில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் பலகை, பிறகு நீர் வடியச் சரிவுடன் காரை, இறுதியில் வெள்ளை ஓடு என்பது வரிசை. வெள்ளை நிறம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

சுவர்

23 செ.மீ. செங்கல் சுவரின் யு-மதிப்பு ஏறத்தாழ 2. காற்றுத் துளைகள் நிறைந்த 20 செ.மீ. ஏஏசி கற்சுவரில் இது 0.8 அளவே. எல்லாச் சுவர்களுக்கும் செலவிட இயலாதவர்கள் மேற்குச் சுவரைக் கவனித்தால் போதும். மாலை வெயில் நேராகத் தாக்குவது அங்கேதான். தாழ்வாரமோ மரமோ தரும் நிழலும் அங்கு நல்ல பலன் தரும்.

கவனிக்க வேண்டியவை

* ஓட்டுக் கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே பாறைக் கம்பளி வைக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் அது நனைந்தால் காப்புத் திறனை இழக்கும். ஆகவே ஓட்டின் ஒழுக்கை முதலில் சரிசெய்ய வேண்டும்.
* நுரைப் பலகைகள் தீப்பற்றக்கூடியவை. அவற்றைப் பூச்சின்றித் திறந்து விடக் கூடாது.
* குளிர்சாதனம் இல்லாத வீட்டில் இரவுக் காற்று நுழைந்து வெளியேற எதிரெதிர்ச் சன்னல்கள் தேவை. இல்லையேல் சமையலாலும் மின்கருவிகளாலும் உண்டாகும் வெப்பத்தை அதே காப்பு உள்ளேயே அடைத்து வைத்துவிடும்.